மொரீஸின் பத்தியம்

காரைக்காலில் கபீரின் சாப்பாட்டில் கைவைக்க இன்னும் ஒரு டாக்டர் பிறக்கவில்லை. இதைக் கபீர் அடிக்கடி, சாப்பிட்டுக்கொண்டேதான் அறிவிப்பார். “சுகர் இருக்கு, சோத்தைக் குறைங்க” என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்கு, வீட்டுக்கு வந்து ஒரு தட்டு கூடுதலாகவே சாப்பிட்டுக் காட்டியவர்.

அப்படிப்பட்டவர் வீட்டில்தான் மொரீஸுக்குத் தினமும் இன்சுலின் ஊசி. மொரீஸ் ஒரு பூனை. பக்கத்து வீட்டு ஆர்லெத் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனபோது கபீரின் மனைவி மஹ்பூபாவிடம் விட்டுப்போனது. பிரெஞ்சுப் பெயர் இருந்தது, காரைக்காலில் பலருக்கு வரும் பிரெஞ்சு பென்ஷன் இல்லை. அதற்குப் பதில் சர்க்கரை வியாதி இருந்தது.

மஹ்பூபா மீனை வெறுந்தண்ணீரில் அவித்து, முள்ளெடுத்து, நிறுத்துக் கிண்ணத்தில் வைப்பாள். பிடரித் தோலைத் தூக்கி ஊசியைப் போடுவாள். இரவில் கபீருக்கும் அப்போதே சோறு வைத்துவிட்டு இஷா தொழப் போவாள்.

“பூனைக்குப் பத்தியமாம்.” கபீர் மீன் ஆணத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே சிரித்தார். “வயித்துப் பக்கமாச்சும் பரவால்ல. வால் பக்கம் வெறும் பஞ்சு. இதத் தின்னுட்டு உசுரோட இருக்கணுமாக்கும்.”

“ஒங்கள யாரு திங்கச் சொன்னா?” என்றாள் மஹ்பூபா.

மறுநாள் கால்நடை டாக்டர் கீர்த்திகா, மொரீஸின் காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஊசி சரியாத்தான் போடுறீங்க. ஆனா சுகர் எறங்கவே மாட்டேங்குது. யாரோ சோறு வக்கிறாங்க, அக்கா.”

“வீட்டுல நானும் அவங்களும்தான், டாக்டர்.”

“அப்ப அவங்கதான். இப்படியே போனா இது ரொம்ப நாள் தாங்காது.”

மஹ்பூபா ஆட்டோவில் கூடையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள்.

அன்றிரவும் வழக்கம்போல் தட்டை வைத்தாள், கிண்ணத்தை வைத்தாள், ஊசியைப் போட்டாள். “தொழப் போறேன்” என்று உள்ளே போய்த் தொழுகை விரிப்பை உதறிவிட்டு, திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். தொழுகையில் நிற்கிறவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். கபீர் இத்தனை நாளும் நம்பியது அதைத்தான்.

தரையில் தட்டு நகரும் சத்தம் கேட்டது. திரையை விலக்கினாள். கபீரின் பீங்கான் தட்டில் மொரீஸ் வாலைத் தூக்கிக்கொண்டு ஆணச்சோற்றை நக்கிக்கொண்டிருந்தது. கபீர் அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“அல்லாவுக்குப் பயந்து சொல்லுங்க, எத்தன நாளா நடக்குது? டாக்டருங்க மேல உள்ள வீம்புக்கு ஒரு வாயில்லாச் சீவனக் கொல்லப் பாக்குறீங்களே.”

பின்னாலிருந்து பார்க்க, கபீரின் தாடை மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

தட்டைப் பறித்தாள். மொரீஸ் உறுமியது. “நீயும் அவரு மாதிரியே மொறைக்காத” என்று அதையும் அதட்டினாள். சட்டியில் மிச்சமிருந்த அவித்த மீனை அதற்கு வைக்கலாமென்று கிண்ணத்தைத் தேடினாள். அது கபீரின் மடியில் இருந்தது, பாதி மீனோடு.

கபீர் வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கினார். திரும்பாமலே சொன்னார்:

“நாளையிலேர்ந்து எனக்கும் சேத்து அவி.”