எழும்பாத தட்டு

"கடைசித் தட்டுப் புழுக்களும் எழும்பேல்லை அக்கா. இதிலையும் மரபணுவை அடக்கியிருக்கிறியள்" என்றான் பிரதாபன்.

காயவைத்த அந்தப் புழுக்கள் ஈரம் பட்டால் உயிர்க்கும். வறட்சி தாங்கும் மரபணுவை அடக்கிவிட்டால் உயிர்க்காது. எந்தத் தட்டில் அடக்கியது என்பது கிளிநொச்சி ஆய்வுகூடத்தில் விமலேஸ்வரிக்கு மட்டுமே தெரியும்.

"கோவிச்சுக்கொண்டு நாயாற்றுக்குத் தாய்வீடு போன என்ரை மனிசியும் இப்பிடித்தான். ஒரு மாதமாக் கதையில்லை. கஜனிக்கு என்னிலை பாசம் செத்துப்போச்சு."

விமலேஸ்வரி தன் தட்டுப் பட்டியலைப் பார்த்தாள்.

"இதிலை ஒண்டும் அடக்கேல்லையே. நீர் தண்ணி விட்டனீரோ தம்பி?"

தட்டு காய்ந்தே கிடந்தது. அவன்தான் மறந்திருந்தான்.

தண்ணீர் விட்டுக் காத்திருந்தான். இரண்டு மணித்தியாலத்தில் புழுக்கள் நெளிந்தன.

கைப்பேசியில் கஜனியின் பெயரைத் தேடினான். அந்த ஒரு மாதத்தில் அவன் அவளுக்கு எடுத்த அழைப்பு ஒன்றுகூட இல்லை.