இரண்டாவது விதி

மூன்று நாள்தானே. மூன்று நாள் பொறுத்துக்கொள்ள முடியாதா?

இருபத்தெட்டாம் தேதி பிறந்தால் போதும், கவரக்காவின் மனதுக்குள் இந்த வார்த்தைகள் தாமாக ஓட ஆரம்பித்துவிடும். இன்றும் கண்விழித்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. பல் தேய்க்கும்போதும், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தபோதும், இப்போது விருந்தாளிக்கு நாற்காலியை இழுத்துப் போடும்போதும்.

வந்திருந்தவள் சலவை ஆலையின் சேமிப்புச் சங்கச் செயலாளர். மடிப்புப் பிரிவில் நின்றுகொண்டே நாள் முழுக்கப் பேசக்கூடியவள். ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் வீடு தேடி வந்திருக்கிறாள் என்றால் காரியம் இல்லாமல் இருக்காது.

உட்காரவில்லை அவள். சமையலறைச் சுவரோரம் கட்டியிருந்த கம்பியையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றாள். துணிக்கு மாட்டும் கிளிப்புகளில் ஆறு பழைய சம்பளக் கவர்கள் வரிசையாகத் தொங்கின. சாப்பாடு, மின்சாரம், பஸ், துணிமணி, மருந்து, வீடு.

"கேள்விப்பட்டதுதான், இன்னைக்குத்தான் கண்ணால பாக்கறேன். எங்க வீட்டுக்காரர் சட்டைப் பையும் ஒரு கவர்தான்க்கா. என்ன, அடியில ஓட்டை."

கவரக்கா சிரித்தாள். இருபது வருடமாக இஸ்திரி மேஜையில் நிற்பவள். ஒன்றாம் தேதி சம்பளம் கைக்கு வந்ததும் கவர் கவராகப் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் தண்ணீரே குடிப்பாள். அதில் ஒட்டிக்கொண்ட பெயர் இது. சொந்தப் பெயர் ஆலையின் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடிருந்தது.

அந்தக் கவர்கள்தான் இந்த இரண்டு அறை வீட்டை வாங்கிக் கொடுத்தன. ஆலையில் அவளைவிட இரண்டு மடங்கு சம்பளம் வாங்குகிறவர்கள்கூட இன்னும் வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். வீட்டுச் சாவி கைக்கு வந்தது நான்கு வருடத்துக்கு முன்பு. கணவர் போய் ஐந்து மாதம் கழித்து.

"பாவம், அண்ணனுக்குத்தான் பாக்கக் கொடுத்து வைக்கல" என்றாள் செயலாளர்.

பின்னறையில் கட்டில் முனகிய மாதிரி இருந்தது. கவரக்கா திரும்பிப் பார்த்தாள். இந்த வீட்டில் அவர் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை; பழைய வாடகை அறையிலிருந்து கட்டில் மட்டும் வந்து சேர்ந்தது. ஆனாலும் மாதக் கடைசியில் அது முனகும். செயலாளரின் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை.

அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். கவரக்கா அவ்வப்போது வேலைக்கு நடுவே சொன்னதையெல்லாம் கோத்து ஐந்து விதிகளாக எழுதியிருந்தாள். சனிக்கிழமை கூட்டத்தில் கவரக்காவே மேடையேறி இதைப் பேச வேண்டுமாம். அப்புறம் அச்சடித்து எண்பது குடும்பத்துக்கும் கொடுத்துவிடலாமாம். கீழே ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தந்தால் போதும்.

முதல் விதி, செலவுக்கு முன்னால் சேமிப்பை எடுத்து வை. இரண்டாவது விதி, எது வந்தாலும் ஒரு கவரிலிருந்து இன்னொரு கவருக்கு எடுக்காதே.

கவரக்காவின் விரல் அந்த இரண்டாவது வரியில் நின்றது.

"அதுதான்க்கா உயிர்நாடி" என்றாள் செயலாளர் உற்சாகமாக. "எல்லாருமே கவர் போட்டுப் பாத்துட்டோம். பத்து தேதிக்கு மேல இதுலேருந்து அதுக்கு, அதுலேருந்து இதுக்குன்னு கை போயிடுது. நீங்க ஒரு தடவகூட மீறினதில்லன்னு சொல்றாங்களே, நெசமா?"

"நெசம்தான்."

"எப்படிக்கா முடிஞ்சுது? மனசைக் கல்லாக்கிக்கிட்டீங்களா?"

கணவர்கூட ஒருமுறை கேலியாகக் கேட்டிருக்கிறார், உன் கவருங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே கிடையாதா, ஒண்ணுக்கொண்ணு கைமாத்துக்கூடக் கொடுத்துக்காதா என்று. விதி போட்டவளை எதிர்த்து ஒரு நாளும் வாதாடியதில்லை. அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற மனிதர்.

செயலாளர் கம்பியருகே போய் கவர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மாதக் கடைசி என்பதால் எல்லாம் மெலிந்து கிடந்தன. வீட்டுக் கவர் தட்டையாகத் தொங்கியது. அதன் வேலைதான் முடிந்துவிட்டதே. மருந்துக் கவர் மட்டும் ஒரு கிளிப்பில் நிற்காமல் இரண்டு கிளிப்புகளில் புடைத்துத் தொங்கியது.

"என்னக்கா இது, இவ்வளவு தடியா இருக்கு? உடம்புக்கு ஏதாவது செய்யுதா?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"பின்ன?"

கவரக்கா தாளை மேஜைமேல் வைத்து, இஸ்திரி போட்ட துணியை மடிக்கிற பழக்கத்தில், ஓரம் பிசகாமல் நான்காக மடித்தாள். செயலாளர் நீட்டிய பேனாவைத் தொடவில்லை. மடித்த தாளை அவள் கைக்குள் வைத்து விரல்களை மூடினாள்.

"நான் வரலம்மா. கையெழுத்தும் வேண்டாம். யாருக்கும் இதைக் கொடுக்காதீங்க."

"இப்படிச் சொன்னா எப்படிக்கா? எண்பது குடும்பம் உருப்படற விஷயம். இந்த வீடே சாட்சியா நிக்குதே."

பின்னறையில் கட்டில் மறுபடி முனகியது. இந்த முறை கவரக்கா திரும்பிப் பார்க்கவில்லை.

"அவருக்கு நெஞ்சு வலிச்ச அன்னைக்கு வீட்டுக் கவர் நெறஞ்சிருந்துச்சு, மருந்துக் கவர் காலி. ஒண்ணாம் தேதிக்கு மூணு நாள்தானே, பொறுத்துக்குங்கன்னு நான்தான் சொன்னேன்."