ஒலிமானியின் குல்லா

விமான நிலையத்தை ஒட்டிய தெருவில், ஜெசிந்தா அக்கா வீட்டு மொட்டைமாடியில் சத்தத்தை அளக்கும் ஒலிமானியை நிறுத்தியிருந்தோம். ஒரு வாரச் சராசரி வரம்பைத் தாண்டினால் அந்தத் தெருவுக்குச் சத்தம் புகாத கண்ணாடி ஜன்னல்கள் போட்டுத் தருவார்கள். அக்காவின் கைக்குழந்தை ஒவ்வொரு விமானத்துக்கும் விழித்து அழுதது. நடுவாரத்தில், அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்த எண்கள் திடீரென்று இறங்கின. மாலை வகுப்பில் கணக்குப் படித்தவன்தானே, என் கணக்கில்தான் பிழை என்று நினைத்து மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். வரம்புக்குக் கீழே என்று அலுவலகம் கோப்பை முடித்துவிட்டது. மறு அளவை கிடையாது. கருவியைக் கழற்ற மாடியேறினேன். கம்பத்தின் உச்சியில் இருந்த மைக்குக்குக் குழந்தையின் கம்பளிக் குல்லாவை மாட்டி, அதன்மேல் துண்டைச் சுற்றி, தாடைக்குக் கீழே கட்டுவதுபோல் முடிச்சுப் போட்டிருந்தது.

“யாரு அக்கா இதைக் கட்டினது?”

“நான்தான் தம்பி. நாள் பூரா இந்தச் சத்தத்துல தனியா நிக்குது, பாவம். அதுக்கும் காதுதானே? பாப்பாவுக்குக் கட்டினா பிச்சுப் போட்டுடறா. இது சமத்து.”

முடிச்சை அவிழ்த்தேன். அக்கா குல்லாவை வாங்கி உதறிக்கொண்டே, “மழைக்கு முன்னாடி ஜன்னல் வந்துடும்ல?” என்றார்.

தலைக்கு மேல் ஒரு விமானம் தாழ்ந்து சென்றது. கீழே குழந்தை வீறிட்டது. சத்தம் ஓய்ந்ததும் அக்கா என் பக்கம் காதைச் சாய்த்தார்.

“என்ன சொன்னீங்க தம்பி? கேக்கல.”

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.