சுந்தரராஜுக்கு ஒரு ஸ்டார்

“இன்னிக்கும் மூணு பேரு, ஆளுக்கு ஒரே ஸ்டார்!” என்று போனை ஆட்டோ சீட்டில் விட்டெறிந்தான் சுந்தரராஜ். எறிந்த வேகத்தில் பதறிப்போய், கண்ணாடி கீறியதா என்று எடுத்துத் துடைத்தும் பார்த்தான்.

தங்கவயல் சாம்பியன் ரீப்ஸ் ரயில்வே ஸ்டேஷன் வாசலில், பக்கத்து ஆட்டோவில் சாய்ந்திருந்த பர்னபாஸ் பல் குத்திக்கொண்டே சிரித்தான்.

“எனக்கு நாலு புள்ளி ஒம்போது. கஸ்டமர்கிட்ட பழகத் தெரியணும்பா.”

பர்னபாஸ் கஸ்டமரிடம் பழகும் அழகு ஊருக்கே தெரியும். பள்ளத்தைப் பார்த்தால்தான் அவனுக்கு வேகமே பிறக்கும். “சீக்கிரம் போங்கண்ணா” என்றால், “அப்போ நீயே ஓட்டு” என்று ஹேண்டிலை விட்டுவிடுவான்.

எல்லாம் அந்த ‘பேக பா’ ஆப் வந்ததிலிருந்துதான். கன்னடத்தில் ‘சீக்கிரம் வா’ என்று அர்த்தம். ஆட்டோவை விட்டு இறங்கியதும் ஜனங்கள் போனில் ஸ்டார் போடவேண்டும்; யார் போட்டது என்று டிரைவருக்குக் காட்டாது. ஸ்டார் ஏறினால் கோலார் டவுன் வரைக்கும் நீளச் சவாரியாகக் கொட்டும். இறங்கினால் இந்தப் பக்கத்துத் தெருக்களிலேயே சுற்றவேண்டியதுதான். இரண்டுக்குக் கீழே போனால் ஆளையே ஆப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

சுந்தரராஜ் இப்போது இரண்டு புள்ளி ஒன்றில் நிற்கிறான்.

“நாளைக்கும் இதே மாதிரின்னா எம்பொழப்பு போச்சி. நான் யாருக்கு இன்னா பண்ணேன்?”

நியாயமான கேள்வி. தினமும் விடிகாலை பக்கத்து நந்திதுர்க் பகுதியில் மூன்று பேரை ஏற்றுவான். கார்மென்ட்ஸில் வேலை செய்யும் வெங்கடம்மா, ரத்தப் பரிசோதனை லேப்பில் இருக்கும் பவ்யா, செக்யூரிட்டி சிவலிங்கம். மூன்று பேருக்கும் பெங்களூர் டிரெயினைப் பிடிக்கவேண்டும். அதை விட்டால் அன்றைக்கு வேலையை மறந்துவிடலாம். இன்றுவரை ஒருநாள்கூட சுந்தரராஜ் விடவைத்ததில்லை.

ஆரம்பத்தில் அவனுக்கு நாலு இருந்தது. அது மூன்றரையானதும் பயந்துபோய் சீட்டுக்கு மெத்தை போட்டான். வீட்டில் அவன் மனைவி லதா தலையணையைக் காணாமல் ஒரு வாரம் தேடினாள்.

மெத்தை போட்டதும் மூன்றானது. தண்ணீர் பாட்டில் வைத்தான், இரண்டே முக்கால். புதினா மிட்டாய் வைத்தான், இரண்டரை. உபசாரம் ஏற ஏற ஸ்டார் இறங்கியது.

இன்று காலை வெங்கடம்மா டிபன் டப்பாவை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு டிரெயின் ஏறிவிட்டாள். நகர்கிற டிரெயினோடு பிளாட்பாரம் முழுக்க ஓடி, ஜன்னல் வழியாகத் திணித்துவிட்டு, கடைசியில் ஒரு செருப்போடு திரும்பினான். அதற்கும் சேர்த்துத்தான் அந்த மூன்று ஒற்றை ஸ்டார்.

“பாம்புக்குப் பால் வார்த்துகினு இருந்திருக்கேன்.”

“நீ ரொம்ப குனியற. என்ன மாதிரி மொறைச்சிப் பாரு, தானா ஸ்டார் வரும்,” என்றான் பர்னபாஸ். அதற்குள் அவன் போன் கூவியது. “பார்த்தியா, கோலாரு!” என்று கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலை சுந்தரராஜ் வாயே திறக்கவில்லை. மிட்டாய் இல்லை, வணக்கமும் இல்லை. ஸ்டேஷனில் மூவரும் இறங்கினார்கள். வெங்கடம்மா போனை எடுத்தாள். அவள் கட்டைவிரல் ஒரே ஒரு ஸ்டாரை அழுத்தியதை அவன் எட்டிப் பார்த்துவிட்டான்.

“அக்கா! நீங்களா?”

அவள் சட்டென்று போனை முந்தானைக்குள் மறைத்தாள்.

“நேத்து டப்பாவத் தூக்கினு டிரெயின் பின்னாடி ஓடினேனே, அதுக்கா இந்த ஒரு ஸ்டாரு?”

“அதுக்குத்தான் தம்பி,” என்றாள் வெங்கடம்மா, தலையைக் குனிந்தபடி.

சுந்தரராஜுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பவ்யாவும் சிவலிங்கமும் மெல்ல நழுவப் பார்த்தார்கள்.

“நில்லுங்க! நீங்களும்தானா?”

“நான் ஒருநாள் மனசு கேக்காம ரெண்டு போட்டேன்பா,” என்றார் சிவலிங்கம். “அதுக்கு இவங்க ரெண்டு பேரும் என்னப் புடிச்சி திட்டுத் திட்டுன்னு திட்டினாங்க.”

“நல்லா இருங்க,” என்று போனை அவர்கள் முன்னால் நீட்டினான் சுந்தரராஜ். “இதோ, அக்கா போட்டதுல ரெண்டுக்கு வந்தாச்சி. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு ஒண்ணு போட்டீங்கன்னா ரெண்டுக்குக் கீழ பூடும். நாளைலேர்ந்து என்னத் தூக்கிடுவாங்க. இந்த ஆட்டோ வராது.”

வெங்கடம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“தூக்கிடுவாங்களா? அப்போ காலைல எங்கள யாரு இட்டுகினு வர்றது?”

“அத ஸ்டார் போடறதுக்கு முன்னாடி நெனைக்கணும்கா.”

“ஐயோ, எங்களுக்கு அது தெரியாதே தம்பி!”

தூரத்தில் டிரெயின் ஊதியது. பவ்யாவின் விரல் ஏற்கெனவே போன்மேல் இருந்தது. வெங்கடம்மா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

“அடியே, ஒண்ணு போடாத! ரெண்டு பேரும் மூணு மூணு போடுங்க! அதுக்குன்னு அஞ்சு கிஞ்சு போட்டுத் தொலைக்காதீங்க, பர்னபாஸத் தொரத்தினா மாதிரி தம்பியையும் கோலாருக்குத் தொரத்திடப் போறீங்க!”