ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்

வேலைக்கு ஆள் எடுக்கும்போதெல்லாம் எஸ்தர் ஒரு கதை சொல்வாள். "எங்க ஆபீஸ் வாசல்ல ஒரு பொண்ணு மழையில வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில சேர்ந்தா. சாயங்காலம் மொத்த டீமும் அவ கட்டிலைச் சுத்தி நின்னுச்சு. இதுதான் எங்க கம்பெனி." கேட்டவர்கள் கண்கலங்கி, சொன்ன சம்பளத்துக்கே சேர்ந்தார்கள். விழுந்தவள் எஸ்தர்தான். யாரும் வரவில்லை. "கூட யாரும்மா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு நர்சுக்கே அலுத்துப்போனது. அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். இன்று வேறொரு கம்பெனியில் வேலை கேட்டு, மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த இர்ஃபான் என்ற இளைஞன் லேப்டாப்பை மூடினான். "எங்க ஆபீஸ் எப்படின்னு ஒரு கதை சொல்றேன் மேடம்," என்றான். அதே மழை, அதே கட்டில், சுற்றி நின்ற அதே கூட்டம். தன் கதை எத்தனை கை மாறி இங்கே வந்ததோ என்று நினைத்தபடி முதல்முறை கேட்பவள்போலத் தலையாட்டினாள். "எனக்கு இதைச் சொன்னவர் கடைசியில இன்னொண்ணும் சொல்வார், நாங்க அதைச் சேர்க்கிறதில்ல," என்று இர்ஃபான் சிரித்தான். "விழுந்த இடத்துல அவங்க செருப்பு ஒண்ணு கிடந்துச்சாம். ஒருத்தர் அதைக் கழுவி எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனாராம். உள்ளே போகக் கூச்சப்பட்டு அப்படியே திரும்பிட்டாராம்." எஸ்தரின் கதையில் செருப்பே கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒற்றைச் செருப்போடு ஆட்டோ ஏறி வீட்டுக்குப் போனதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று அவன் கேட்டான். அவள் மேசைக்கு அடியில் கால்களை மெல்ல உள்ளிழுத்துக்கொண்டாள். "எந்தக் கால் செருப்புன்னு சொன்னாரா?" என்றாள்.