வாசலில் வேன் இருக்க

யட்டியாந்தோட்டையில் வாடகை வேன் ஓட்டும் எட்வின், நத்தார் எனும் கிறிஸ்துமஸ் லீவுக்குக் குடும்பத்தோடு திருகோணமலை போக முடிவு செய்தான்.

"பிளேன்ல போவோம்ப்பா!" என்றாள் மகள் ஜெனிட்டா.

"அதெல்லாம் நமக்குக் கட்டாது. நம்ம வேன்லயே போவோம்."

"வேன் வேணாங்க. கோச்சியில போவோம்," என்றாள் மனைவி ஸ்டெல்லா.

"வாசல்ல வேன வச்சிக்கிட்டு ரயிலுக்குப் போய் நிக்கிறதா? ஏன், வேன்ல போனா ஒனக்குத் தல சுத்துதா?"

"இல்ல."

"வழியில ஆமி செக்பொயிண்டுக்குப் பயமா?"

"சண்டைய நிப்பாட்டிச் சமாதானம் பேச ஆரம்பிச்சப்புறம் அதுல என்ன பயம்?"

எட்வினுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நான் ஓட்டுறதுல நம்பிக்கை இல்ல, அப்படித்தானே? இந்தத் தோட்டத்துச் சனமெல்லாம் என்னை நம்பித்தான் கதிர்காமம் வரைக்கும் வருது."

"ஓட்டுறதுல ஒரு குறையும் இல்லங்க. போன வருசம் நுவரெலியா போனோமே, நானும் புள்ளையும் பின்னால ஒக்காந்திருந்தோம். நீங்க ரோட்டையே பாத்துக்கிட்டு வந்தீங்க. நாங்க அருவி பாக்க எறங்கினப்ப, களைப்புல சீட்டுலயே தூங்கிட்டீங்க. இந்தத் தடவையாச்சும் நீங்களும் எங்களோட வாங்க."

எட்வின் மகளிடம் திரும்பினான்.

"கோச்சியில ஜன்னலோர சீட்டு எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன்."