ஒரு முழம் மல்லிகை

திருக்கோகர்ணம் பஸ் நிறுத்தத்தில், ஈரச் சாக்கின் மேல் குவிந்திருக்கும் மல்லிகையில் காலை வெயில் விழுகிறது. கணவனுக்குத் தூக்கு என்று தீர்ப்பான நாளிலிருந்து பூவே வைக்காத இலக்கியா அதன் முன்னால் நிற்கிறாள். நேற்றுத்தான் தூக்கை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். பக்கத்து டீக்கடை டிவியில் அதைப் பற்றியே விவாதம். "தூக்குலதான் போட்டிருக்கணும். இவன் கையால செத்தவன் பொண்டாட்டிக்கு இனிமே யாரு பூ வாங்கித் தருவா?" என்கிறார் டீ குடிப்பவர். இலக்கியாவின் நீட்டிய கை தயங்குகிறது. பூக்கார அழகம்மாள் முழம் போட்டு, நாரைக் கிள்ளி, அந்தக் கையிலேயே வைக்கிறாள். "வச்சுக்க ஆத்தா. உசுரோடதான இருக்காரு." இலக்கியா அதைத் தலையில் வைக்காமல் இரு கைகளாலும் பொத்தி மோந்து பார்க்கிறாள். திருச்சி பஸ் ஹாரன் அடித்தபடி வருகிறது. "ஜெயில்ல மனு போட்டு உள்ள போக நேரமாகுங்கக்கா. அவரு பாக்குற வரைக்கும் வாடாம இருக்குமா?"